இருபது நொடி ஓய்வு

ஜூன் 3, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் செய்தது, சமையலறையில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிப் பார்த்தது. ஒரு சாண் உயரம்கூட எழும்பவில்லை. முடியவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் பல் துலக்கினேன். டாக்டர் சொன்னதை அதுவரை முழுதாக நம்பியிருக்கவில்லை. ஸ்கேன் தாளைக் காட்டி, உங்களுக்கு நாற்பத்து நான்கு, எலும்புக்கு அறுபது என்றார். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டாம். மாத்திரை தருகிறேன், ஆனால் எடை தூக்கிப் பழகினால்தான் எலும்பு தேறும் என்றார்.

ஜிம்மில் சேர்ந்தாயிற்று. டயர் கடைக்கு மேலே மாடி. திங்கள், புதன், வெள்ளி பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை பெண்களுக்கு மட்டும். அந்த ஒரு மணி நேரம் ஆண்கள் யாரும் மாடியேறக் கூடாது. சுவர் மூலையில் உள்ள கேமராவுக்கு, குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிடுகிறார்கள். முதலில் வருகிறவள் ஸ்டூலில் ஏறி மாட்ட வேண்டும். கடைசியில் போகிறவள் கழற்ற வேண்டும்.

பயிற்சி கொடுப்பவள் ஸ்டெல்லா. முப்பத்தெட்டு வயது இருக்கும். மாநில அளவில் பளு தூக்கியவள். குட்டையான உருவம், கழுத்தே இல்லை.

"அக்கா, ஒரு நோட்டு போட்டுக்கங்க. எத்தனை கிலோ, எத்தனை தடவை, எல்லாம் எழுதணும். மனசுல வெச்சுக்கறேன்னு சொல்றவங்க எல்லாம் ஒரே மாசத்துல பொய் சொல்ல ஆரம்பிச்சிருவாங்க."

நோட்டின் முன்பக்கத்தில் கிலோ எழுதுகிறேன். இது பின்பக்கம். இந்தப் பக்கத்தை ஸ்டெல்லா திருப்ப மாட்டாள்.

"நம்ம தெரு முக்குலயே லேடீஸ் ஜிம்னு போர்டு தொங்குதே. அதை விட்டுட்டு அவ்வளவு தூரம் எதுக்கு?" என்று வீட்டில் இவர் கேட்டார். அங்கே ஏ.சி. இல்லை என்றேன். இங்கேயும் இல்லை.

ஜூன் 5, புதன்

பிரபாவதி இருந்தாள். அவளும் அந்த நேரத்துக்குத்தான் வருகிறாள்.

பிரபாவதி என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவோம். மூன்று வருடமாக நான் அவளை எப்படியும் கூப்பிடுவதில்லை.

பெஞ்சில் மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேலே ராடைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எழுந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள்.

"என்ன அம்மிணி, வழி தப்பி வந்துட்டயா?"

"டாக்டர் வரச் சொன்னாருங்க."

"இதே ஜிம்முக்குத்தான் போகோணும்னு எழுதிக் குடுத்தாராக்கும்."

நாற்பத்தேழு வயதில் அவளுக்குத் தோள் இருக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தோள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை ஆறு பத்துக்கு, அண்ணன் வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தாள். அண்ணன் போனை வீட்டில் வைத்துவிட்டு நடக்கப் போயிருந்தான். இவள் இங்கே இருந்தாள். அப்போது பெண்களுக்கான நேரம் காலை ஆறு மணி. ஏழரைக்கு இவள் திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை அம்மா ஈரத்தரையில் கிடந்தாள். எண்பது நிமிடம். பதினோராம் நாள் போய்விட்டாள்.

அந்த எண்பது நிமிடமும் இவள் இதே பெஞ்சில் படுத்து இதே ராடைத்தான் தள்ளியிருப்பாள்.

ஜூன் 10, திங்கள்

இன்றுதான் சர்க்யூட்டில் சேர்த்தாள் ஸ்டெல்லா. ஆறு இடம். உட்கார்ந்து எழுவது, குனிந்து எடை இழுப்பது, பெஞ்ச், முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது, டம்பெல் இரண்டைப் பிடித்துக்கொண்டு நடப்பது, பெட்டி ஏறி இறங்குவது. ஒவ்வொரு இடத்திலும் நாற்பது நொடி வேலை, இருபது நொடி ஓய்வு. சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் டைமர். நாற்பது முடிந்தால் ஒரு பீப். இருபது முடிந்தால் இன்னொரு பீப். அந்த இருபது நொடிக்குள் நம் இடத்தை அடுத்து வருகிறவளுக்காகத் தயார் செய்துவிட்டு நகர வேண்டும். அவள் எடை எவ்வளவோ அதை மாட்டி வைக்க வேண்டும். இந்த ஜிம்மின் வழக்கம் இது.

எனக்கு அடுத்து வருகிறவள் பிரபாவதி. ஸ்டெல்லாவுக்கு எங்கள் உறவு தெரியாது. இரண்டு பேரும் ஒரே உயரம், பெஞ்சின் அளவை மாற்ற வேண்டியதில்லை என்று எங்களை அடுத்தடுத்துப் போட்டாள்.

குனிந்து எடை தூக்க எனக்கு வரவில்லை. முதுகு வளைகிறது.

"அக்கா, கை ரெண்டுலயும் பாத்திரம் இருக்குது. பிரிட்ஜ் கதவை எப்படிச் சாத்துவீங்க?"

"பின்னால இடிச்சு."

"அதேதான். இடுப்பைப் பின்னால தள்ளுங்க. தலையை விட்டுருங்க, இடுப்புதான் மொதல்ல போகணும். மூச்சை வயித்துல புடிச்சு வெச்சுக்கங்க."

பதினைந்து கிலோ வெறும் ராடு எழும்பியது. பின்னாலிருந்து பிரபாவதியின் குரல்: "ராடு தூக்கியாச்சு. ஊருக்கெல்லாம் சொல்லிப்போடுங்க."

சிரித்தார்கள். மாலை நான்கு மணி டியூஷனில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வகைநுண்கணிதம் நடத்தினேன். சாக்பீஸைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

ஜூன் 12, புதன்

படி இறங்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இட்லி மாவு தீர்ந்துவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

பெஞ்சுக்கு ஒரு விதி இருக்கிறது. ராடின் இரண்டு நுனியிலும், மாட்டிய எடை பிளேட் கழன்றுவிடாதபடி ஸ்பிரிங் லாக் மாட்டுவார்கள். தனியாகப் படுத்துத் தள்ளுகிறவள் அந்த லாக்கைப் போடவே கூடாது. நடுவில் கை தளர்ந்து ராடு நெஞ்சில் இறங்கிவிட்டால், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிளேட்டைக் கீழே தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தலைமாட்டில் ஒருத்தி சப்போர்ட்டுக்கு நின்றால் மட்டும் லாக் போடலாம். கை தளர்ந்தால் அவள் பிடித்துக்கொள்வாள்.

"லாக் போட்டிருந்தா ஆள் நிக்குதுன்னு அர்த்தம்," என்று ஸ்டெல்லா எல்லோரையும் ஒரு முறை திரும்பச் சொல்ல வைத்தாள். நானும் சொன்னேன்.

எனக்கு ஸ்டெல்லா சப்போர்ட் நிற்கிறாள், ஆகவே லாக். பிரபாவதி தனியாகத் தள்ளுகிறவள். என் முறை முடிந்ததும் லாக்கைக் கழற்றி, பக்கத்துக்குப் பத்துக் கிலோ பிளேட்டை மாட்டி வைத்துவிட்டு நகர வேண்டும். அவளுக்கு முப்பத்தைந்து கிலோ. அவளுக்கு நான் ஏவலாள் மாதிரி மாட்டி வைக்கிறேன். அவள் நன்றி சொல்வதில்லை. நான் பிளேட்டைச் சத்தம் வரும்படி மாட்டுகிறேன்.

இன்னொன்று. அம்மா விழுந்த அன்று என் போன் சைலண்டில் இருந்தது. அம்மா கூப்பிட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. இதை நான் அப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 8, திங்கள்

"ஒருத்தி பத்துக் கிலோ தூக்கறதுக்கு ஒருத்தி காவலு. நல்லா இருக்குதுங்க ஸ்டெல்லா உங்க பொழப்பு," என்றாள் பிரபாவதி. நான் பெஞ்சில் படுத்திருந்தேன். ராடோடு சேர்த்து இருபது கிலோ. பத்து அல்ல.

ராடை வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "வீட்டுல பெரியவங்களை விட்டுட்டு வந்து பழகுனவங்களாட்டம் எனக்கு வராதுங்க," என்றேன்.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டம்பெல்லோடு நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பிரபாவதியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையுறையின் பட்டையை இறுக்கிக்கொண்டாள்.

"எந்திரி அம்மிணி. பீப் அடிச்சாச்சு. என்ற நேரம் இது."

முடிந்ததும் ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, உங்களுக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க கோபத்துல இழுக்கறீங்க. கோபத்துல மூணு தடவை வரும். நாலாவது தடவை முதுகு வளைஞ்சிரும்."

அவளுக்கு என்ன தெரியும். நான் நான்காவதும் ஐந்தாவதும் இழுத்தேன்.

ஜூலை 17, புதன்

குனிந்து தூக்குவதில் முப்பது கிலோ. முதுகு நேராக இருந்தது என்று ஸ்டெல்லா கைதட்டினாள். பிரபாவதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தாள்.

ஜூலை 26, வெள்ளி

பெட்டி ஏறும் இடத்தை எனக்கு முன்னால் முடித்தவள் ஈரமாக விட்டுப் போயிருந்தாள். வழுக்கப் பார்த்தேன். அம்மா ஞாபகம் வந்தது. அதோடு எப்போதும் வருகிற இன்னொரு ஞாபகமும் வந்தது. அதை எழுதப் போவதில்லை.

கீரைக்காரம்மா வரவில்லை. பருப்பு மட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஜிம்மில் சின்ன விபத்து. பிரபாவதிக்கு விலா எலும்பில் கீறல். வந்து குளித்தேன். துணி காயவில்லை, மழை.

ஆகஸ்ட் 3, சனி

நேற்று நடந்ததை எழுதி வைத்துவிடுவது நல்லது. ஜிம் முதலாளி மோகன்ராஜ் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

பதினொன்று அடிக்கும் நேரம். கீழே படியில் ஒரு அம்மா மயங்கி உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ கத்த, ஸ்டெல்லா இறங்கி ஓடினாள். பெஞ்சில் என் முறை முடிந்து பிரபாவதி படுத்தாள். ராடில் லாக் போட்டிருந்தது. ஏழோ எட்டோ தள்ளியபின் அவள் மணிக்கட்டு மடங்கி ராடு நெஞ்சில் விழுந்தது. லாக் இருந்ததால் சாய்த்துத் தள்ள முடியவில்லை. பார்த்ததும் நான் போய்த் தூக்கினேன்.

ஓடும்போது ஸ்டெல்லா என்னிடம், பிரபா அக்காவுக்குச் சப்போர்ட் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்கிறாள். பாட்டுச் சத்தத்தில் எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

அண்ணன் ஜிம்முக்குப் போய் மேசையைத் தட்டியிருக்கிறான். போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றிருக்கிறான். மோகன்ராஜ் பயந்துவிட்டார். இன்று வீட்டுக்கே வந்தார், கையில் தட்டச்சு செய்த தாள்.

"உங்க நங்கை உங்களைத்தான் சொல்றாங்க மேடம். கோகிலா தூக்கலைன்னா நான் இல்லைன்னு. உங்க வார்த்தைதாங்க இப்ப எங்களுக்கு முக்கியம். கேமராவுல தொப்பி மாட்டியிருந்துதுங்களே."

தாளில் இரண்டு விஷயம். பயிற்சியாளர் ஸ்டெல்லா மேரி அந்த நேரத்தில் தளத்தில் இல்லை. அவர் யாரையும் சப்போர்ட்டுக்கு நிற்கச் சொல்லவில்லை.

"நிறுத்திட்டீங்களா அவங்களை?" என்று கேட்டேன்.

"வேற வழிங்க? ஆளை வெக்காம தளத்தை விட்டுப் போனாங்கன்னு எழுதித்தான் அனுப்போணும். இனி வேற ஜிம்லயும் கேப்பாங்க, நாங்க சொல்லித்தானே ஆகோணும்."

யோசித்துத் தருகிறேன் என்றேன். காபி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவர் கேட்காமல் குடித்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஸ்டெல்லா போன் செய்தாள். எடுத்தேன்.

"அக்கா, நான் சொன்னேனில்ல? நீங்க தலையாட்டுனீங்க."

"பாட்டுச் சத்தத்துல எனக்குக் கேக்கலைங்க ஸ்டெல்லா."

"தலையாட்டுனீங்கக்கா."

"கழுத்தைச் சொடக்கு எடுத்திருப்பேன்."

 பின்னால் பள்ளிக்கூட மணி கேட்டது, மகளை விடப் போயிருப்பாள்.

"எனக்கு இந்த வேலையைத் தவிர வேற தெரியாதுக்கா," என்றாள். பிறகு, "சரிங்கக்கா. முதுகு மட்டும் வளையாம பாத்துக்கங்க," என்று வைத்துவிட்டாள்.

கிண்டல்தான். எனக்குப் புரியாதா.

ஆகஸ்ட் 7, புதன்

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பேனா எழுதவில்லை. இரண்டாவது முறை அழுத்தி இழுத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அடிபட்டவளைப் போய்ப் பார்க்காமல் இருப்பது நன்றாக இருக்காது என்று இவர் சொன்னார். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் மில்லுக்குப் போயிருந்தான். அவள் கட்டிலில் தலையணை மூன்றை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள், நெஞ்சைச் சுற்றிப் பட்டி.

"உக்காரு. சிரிக்க மட்டும் வெக்காத, விலா வலிக்குது."

உட்கார்ந்தேன்.

"கையெழுத்துப் போட்டுட்டயாமா."

"ஆமாங்."

"காதுல உழுகலைன்னு."

"ஆமாங்."

"எனக்கு உழுந்துது அம்மிணி. நான் ஆறடி தள்ளி நின்னிருந்தேன். ஸ்டெல்லா நின்ன எடத்துக்கும் உனக்கும் ரெண்டடி."

நான் ஆரஞ்சுப் பையின் முடிச்சை அவிழ்த்தேன்.

"லாக் மாட்டுன சத்தமும் கேட்டுது. ரெண்டு பக்கமும். சரி, கோகிலா நிக்கறா, அதான் மாட்டறான்னு நெனச்சேன். அதை நம்பித்தான் ராடை எடுத்தேன். உன்னை நம்புன எனக்கு விலாவோட போச்சு."

"அப்புறம் எதுக்கு நான் காப்பாத்துனேன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"காப்பாத்துனதானே? பொய்யா? கொஞ்சம் பொறுத்துக் காப்பாத்துன." சிரிக்கப் போய், பட்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "தலைகீழாத் தெரிஞ்ச நீ. நின்ன மேனிக்கு நின்ன. கண்ணு டைமர்ல இருந்துது."

"அதை மோகன்ராஜ்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாம்."

"ஸ்டெல்லா சொல்லிட்டுத்தான் போனான்னு சொன்னேன். அடிபட்ட மயக்கத்துல ஒளர்றான்னு உங்கண்ணன் என்ற வாயை மூடிட்டாரு. அவரு தங்கச்சி பொய் சொல்லாதாமா." ஒரு சுளை எடுத்து நார் உரித்தாள். "அவருக்கு எப்படித் தெரியும். தெரியவேண்டியதை நான்தானே அழிச்சேன்."

என்ன என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"உங்கம்மா போனு பாத்ரூம் மூலையில கெடந்துது. பட்டன் போனு. ஆஸ்பத்திரியில உக்காந்து எடுத்துப் பாத்தேன். எனக்கு ஒரு தடவை. என்ற போனு லாக்கர்ல இருந்துது. அதை அன்னைக்கே உங்கண்ணன்கிட்ட நானே சொல்லிட்டேன். அப்புறம் பேசுனாரா என்ற கூட ஆறு மாசம்? பேசலை. உனக்கு மூணு தடவை."

"சைலண்டுல இருந்துதுங்க."

"மூணாவது தடவைக்கு நேரா நாலு செகண்டுன்னு போட்டிருந்துது. எடுக்காத போனுக்கு செகண்டு காட்டாது அம்மிணி."

வெளியே யாரோ இரும்புக் கேட்டைத் திறந்து மூடினார்கள். நான் அந்தப் பக்கம் பார்த்தேன்.

"எதுக்கு அழிச்சீங்க நங்கை?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னமோ நல்ல மனசுன்னு நெனச்சுக்காத. அந்த மனுசனுக்கு இருக்கறது ரெண்டு பேரு. ரெண்டு பேரையும் வெறுத்தா யாரு கூடப் பேசுவாரு? என்னை வெறுத்தாலும் சோத்துக்கு இந்த ஊட்டுக்குத்தான் வரோணும். அதனால என்னையே வெறுக்கட்டும்னு உட்டேன்." தோலை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள். "அப்புறம் நீ வருசா வருசம் தெவசத்துக்கு வந்து, என்ற மூஞ்சியப் பாக்காம எலையில உக்காருவ பாரு. சொல்லிப்போடலாமான்னு நாக்கு நுனியில நிக்கும். சொல்ல மாட்டேன். அந்த நெனப்பே ருசியா இருக்கும். அதை வெச்சுத்தான் உனக்குப் பரிமாறுவேன்."

"இப்பச் சொல்லப் போறீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லோணும்? நீயே வெச்சுக்க. கனம் தூக்கித்தான் இப்பப் பழகிட்டயே."

நான் எழுந்தேன். வாசல்வரை போன பிறகு அவள் குரல் வந்தது. "உங்கண்ணன் திங்கக்கெழமை பத்தேகாலுக்கு ஜிம்முக்குப் போறாரு. என்ற லாக்கர்ல இருக்கறதை எடுக்கோணும், நீ கையெழுத்துப் போட்ட தாளுல ஒண்ணு வாங்கோணும். ஆரஞ்சு புளிக்குது. அடுத்த தடவை பாத்து வாங்கு."

ஆகஸ்ட் 10, சனி

எதுவும் எழுதத் தோன்றவில்லை. டியூஷன் பிள்ளைகளின் இருபத்தேழு விடைத்தாள் திருத்தினேன். ஒரு பையன் எல்லாப் படிகளையும் தப்பாகப் போட்டுச் சரியான விடை எழுதியிருக்கிறான். பக்கத்துப் பையனைப் பார்த்திருப்பான். அரை மதிப்பெண்கூடப் போடவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் எழுந்ததும் தண்ணீர் கேனை இடுப்பை மடக்கிப் பிடித்து, மூச்சை வயிற்றில் நிறுத்தித் தூக்கினேன். எழும்பியது. மேடைமேல் இருக்கும் டிஸ்பென்சரில் கவிழ்த்து வைத்தேன். இவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "அட!" என்றார். நான் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி எழுதியதில் பொய் அதிகம் இல்லை. விட்டதுதான் அதிகம். விட்டதை எழுதுகிறேன்.

ஸ்டெல்லா சொன்னது காதில் விழுந்தது. ஒவ்வொரு வார்த்தையும். "அக்கா, பிரபா அக்காவுக்கு நில்லுங்க, ரெண்டே நிமிசம்." நான் தலையாட்டினேன். பிளேட்டை மாட்டினேன். நிற்கப் போகிறோம், ஆகவே லாக் போடலாம் என்றுதான் போட்டேன். வலது பக்கம் போடும்போது அப்படித்தான் நினைத்தேன். இடது பக்கம் போடும்போது என்ன நினைத்தேன் என்று எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. போட்டுவிட்டுத் தலைமாட்டுக்குப் போகாமல் இரண்டடி பின்னால் நின்றேன். அது மட்டும் நிச்சயம்.

அவள் மணிக்கட்டு மடங்கியதும் நாற்பது முடிந்த பீப் அடித்ததும் ஒரே நேரம். அவள் சத்தம் போடவில்லை. போட மூச்சு இல்லை. கால் இரண்டும் தரையை உதைத்தன. என் கண் டைமருக்குப் போனது. இருபது. பத்தொன்பது. எல்லோரும் அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. தரையில் கிடந்தால் எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். பதினான்கு. பதின்மூன்று. அந்த நினைப்பு பன்னிரண்டு வரைக்கும்தான் இருந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் நினைக்கவில்லை. வெறுமனே எண்ணினேன். ஒன்று. பீப். அடுத்த வேலைக்கான பீப் அடித்ததும் என் கால் தானாக நகர்ந்தது, நாள்தோறும் நகர்வதுபோல. போய்த் தூக்கினேன். முப்பத்தைந்து கிலோ. அதுவரை அவ்வளவு தூக்கியதில்லை. முதுகு கொஞ்சமும் வளையவில்லை.

அவள் எத்தனை நேரம் கிடந்தாள் என்று கேட்டால் சரியாகச் சொல்ல முடிந்த ஒரே ஆள் நான்தான். இருபது நொடி.

அந்த நான்கு நொடியும் எனக்குத் தெரியும். ஆறு இருபதுக்கு முதல் அழைப்பு. காபி கலந்துகொண்டிருந்தேன். தினமும் அந்த நேரத்துக்கு அம்மா கூப்பிட்டு, பிரபா சாம்பாரில் உப்புப் போடவில்லை, பிரபா ஃபேன் போட விடவில்லை என்பாள். ஆறு இருபத்து நான்குக்கு இரண்டாவது. காபியைக் குடித்து முடித்துவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது அழைப்பை எடுத்தேன். "கோகி" என்றாள் அம்மா. "அப்புறம் பேசறம்மா" என்று வைத்துவிட்டேன். குரலில் ஏதும் வித்தியாசம் இருந்ததா என்று மூன்று வருடமாகக் கேட்டுப் பார்க்கிறேன். இருந்தது.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் அம்மா அங்கேயே கிடந்தாள். எண்பது நிமிடத்தையும் பிரபாவதியின் கணக்கில்தான் வைத்திருந்தேன். தெரு முக்கு ஜிம்மை விட்டுவிட்டு டயர் கடை மாடிக்குப் போனது எதற்கு என்று இவர் திரும்பக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அவளை அங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அவளைப் பார்க்கும் நேரமெல்லாம் நான் என்னைப் பார்க்க வேண்டியதில்லை.

அவளைப் பிடித்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. வெள்ளிக்கிழமை அவள் ஆரஞ்சை உரித்த விதத்தைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் ஸ்டெல்லா எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தாள். நான் அழுத்திப் போட்ட அந்தக் கையெழுத்து நாளை ஊரில் உள்ள ஒவ்வொரு ஜிம்முக்கும் அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

நாளை பத்து மணிக்கே போய்விடப் போகிறேன். பத்தேகாலுக்கு அண்ணன் வருவான். மோகன்ராஜ் இருப்பார். பத்தரைக்குள் என்றால் ஆண்கள் மாடிக்கு வரலாம். இரண்டு பேரையும் மேலே கூப்பிட்டு, பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிவிடுவேன்: முதலில் ஸ்டெல்லா சொன்னதும் நான் தலையாட்டியதும். அடுத்து லாக். அடுத்து இருபது நொடி. கடைசியாக அண்ணனிடம் மட்டும் அந்த நான்கு நொடி. அதைச் சொன்ன பிறகு அவன் என்னோடு பேச மாட்டான். பேச வீட்டில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள்.

கேமராவுக்குத் தொப்பி மாட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அது பார்க்கட்டும்.

இவர் பக்கத்து அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். இவரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு உடுத்துவதற்கு எடுத்து வைத்தாயிற்று, பிளாஸ்கைக் கழுவியாயிற்று.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. யாரும் டைமரைப் போடுவதற்கு முன்னால் வாயைத் திறந்துவிட வேண்டும். ஓட ஆரம்பித்துவிட்டால் நான் பீப்புக்காகக் காத்திருப்பேன்.